புகாரும் மணிபல்லவமும்: தூரமும் பயணக் காலமும்

காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் தொடங்கி நேர்தெற்கே ஒரு கோடு இழுப்பின், அக்கோடு காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய ஊர்களின் கரையைத் தடவிச் சென்று, கோடிக்கரையில் நிலத்தை விட்டு நீங்கி, பாக்கு நீரிணையைக் கடந்து, யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள தீவுக் கூட்டத்தில் வந்து முட்டும். அத்தீவுகளுள் ஒன்று நயினாதீவு. இன்றைய நிலப்படங்களைக் கொண்டு அளந்தால், பூம்புகாருக்கும் நயினாதீவுக்கும் இடையேயுள்ள வான்வழித் தூரம் ஏறக்குறைய 105 மைல், அதாவது 170 கிலோமீற்றர். இதில் 60 மைல் அளவு சோழநாட்டுக் கரையோரமாகவே கழியும். கரை கண்ணுக்கு மறையும் கடல் எஞ்சிய பகுதியே.

இவ்விரு முனைகளுக்கும் இடையிலான தூரத்தை முதன்முதல் எண்ணிட்டுக் கூறிய தமிழ் நூல் மணிமேகலை. புகார்நகரத்து உவவனத்திலிருந்து மணிமேகலையை எடுத்துக்கொண்டு வானூடு சென்ற மணிமேகலா தெய்வம், தென்றிசையில் முப்பது யோசனை கடந்து, அவளை மணிபல்லவம் என்னும் தீவில் வைத்துச் சென்றது என்பர் சாத்தனார். திசை, தூரம், வழி மூன்றும் இங்கு ஒருங்கே கூறப்பட்டுள்ளன. காலமும் கதைப்போக்கால் தெளிவாகிறது. இந்திரவிழா நாளின் இரவில், தோழி சுதமதி உறங்கிய பின்னர் தெய்வம் அவளை எடுத்துச் சென்றது. மணிமேகலை கண்விழித்தபோது மணிபல்லவத்து மணல் மேட்டில் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. ஆகவே ஓர் இரவின் ஒரு பகுதியே பயணக் காலம். அவள் ஏழாம் நாளில் ஊர் திரும்புவாள் என்று தெய்வமே சுதமதிக்கு உரைத்தது. தீவதிலகையின் துணையால் கோமுகிப் பொய்கையில் அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை, தான் கற்ற மந்திரத்தின் வலியால் வான்வழியே புகாருக்கு மீண்டாள்.

அவ்வழியே சென்றோர் எல்லாரும் பறந்து செல்லவில்லை. அதே காப்பியத்தில் அதே தீவுக்குக் கலத்தில் சென்றோரின் கதையும் உண்டு. வரலாறு நாடுவோர்க்கு அவையே பெரிதும் பயன்படுவன. சாவக நாட்டுக்குக் கலமேறிய ஆபுத்திரன், காற்றின் மிகுதியால் கலம் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கியபோது கரையில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிய மாலுமிகள் இரவிற் பாய்விரித்துப் போயினர். அவன் அங்கேயே உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தான். பீலிவளை என்னும் நாககன்னிகை, தான் சோழனுக்குப் பெற்ற மகவை மணிபல்லவத்தில் தங்கிய கம்பளச்செட்டி என்னும் வணிகனிடம் ஒப்புவித்துப் புகாருக்கு அனுப்பினாள். கலம் கவிழ்ந்தது; மகவு காணாமற் போயிற்று; மகவைத் தேடி வருந்திய மன்னன் இந்திரவிழாவை மறந்தான்; புகாரைக் கடல் கொண்டது. ஒரே வழி, ஒரே தூரம். தெய்வத்தோடு செல்வோர்க்கு அஃது ஓரிரவு; கம்பளச்செட்டியின் கலத்துக்கு அது முடிவுறாத பயணம்.

பின்னர் ஆபுத்திரன் மறுபிறப்பிற் புண்ணியராசனாகச் சாவகத்தை ஆளுங்கால், மணிமேகலை அவனை மணிபல்லவத்துக்கு அழைக்கிறாள். தான் வானெழுந்து ஞாயிறு மேற்கில் வீழுமுன் தீவை அடைந்துவிடுகிறாள். மன்னன் கம்மியரைக் கூவிக் கலம் ஒருக்கி அதன் பின்னரே வந்து சேர்கிறான். இரு வகைப் பயணங்களையும் ஒரே காதையில் அருகருகே வைத்த புலவருக்கு, தூரத்துக்கும் காலத்துக்கும் உள்ள வேறுபாடு தெரியாததன்று.

இனி, மணிபல்லவம் எது என்னும் வழக்குக்கு வருவோம். மணிமேகலை 1898 இல் உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்த பின்னர் எழுந்த இவ்வழக்கு இன்றும் ஓய்ந்தபாடில்லை. மகாவம்சம் கூறும் நாகதீபமும் மணிபல்லவமும் ஒன்றே என்பதற்குக் கதை ஒற்றுமை வலுவான சான்று. மகோதரன், குலோதரன் என்னும் இரு நாகமன்னர் மணியாசனம் ஒன்றன் பொருட்டுப் போரிட, புத்தர் தோன்றிப் பூசல் தீர்த்தார் என்பது மகாவம்சம். இரு நாகவேந்தர் ஒரு பீடிகைக்காகப் பொருதபோது புத்தர் அறங்கூறி அமர்ந்த இடமே மணிபல்லவம் என்பது மணிமேகலை. எனினும் நாகதீபம் என்ற பெயர் சிறுதீவு ஒன்றற்கு மட்டும் உரியதன்று. வல்லிபுரத்தில் 1936 இல் கிடைத்த பொற்சாசனம், வசப மன்னன் காலத்தில் நாகதீவை ஓர் அமைச்சன் ஆண்டான் என்பதால், குடாநாடு முழுவதும் அப்பெயர் பெற்றிருந்தமை பெறப்படும். நயினாதீவே மணிபல்லவம் என்பார்க்குத் தீவின் பெயரும், நாகவழிபாட்டின் தொடர்ச்சியும், திசையும் துணை நிற்கின்றன. ஆயின் காரைநகரும் ஊர்காவற்றுறையும் புகாரிலிருந்து நோக்குவார்க்கு ஏறக்குறைய அதே திசையிலேயே உள்ளன. எனவே திசைகொண்டு தீவுக் கூட்டத்தைச் சுட்டலாமேயன்றி ஒரு தீவைத் தனியே பிரித்துக் காட்டல் இயலாது.

திசை தராத முடிபைத் தூரம் தரும் எனக் கருதி முப்பது யோசனையை மைலாக மாற்ற முயல்வோர் உளர். யோசனைக்கு எத்தனை மைல்? ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவில் வழிநடந்த சீனத் துறவி யுவான் சுவாங், பழைய மரபில் ஒரு யோசனை 40 லீ என்றும், இந்திய நாடுகளின் வழக்கில் 30 லீ என்றும், பௌத்த நூல்களில் 16 லீ என்றும் மூன்று அளவுகளைக் குறித்து வைத்தார். ஒருவரே, ஒரே காலத்தில், ஒரே சொல்லுக்கு! யோசனை ஏறக்குறைய 8 மைல் எனக் கொண்டால், புகாருக்குத் தெற்கே 240 மைலில் இன்றைய சிலாபத்துக் கரை வரும். சிலாபத்துக்கு அருகே மணிபல்லவத்தைத் தேடினார் எவருமிலர். 5 மைல் எனக் கொண்டால், 150 மைலில் மன்னார்த்தீவைச் சற்றே தாண்டிய கடல் வரும். நயினாதீவு கிடைக்க வேண்டுமானால் யோசனை மூன்றரை மைலாதல் வேண்டும். அவரவர்க்கு வேண்டிய தீவை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப யோசனையை நீட்டியும் குறுக்கியும் கொள்வது கணக்காகுமேயன்றி ஆராய்ச்சியாகாது.

யோசனை என்ற சொல்லின் பிறப்பையே நோக்கினால் இத்தடுமாற்றத்தின் காரணம் விளங்கும். நுகத்தில் எருதைப் பூட்டுதல் என்ற பொருளில் வந்த வடசொல் அது. பூட்டிய எருதை அவிழ்க்கும்வரை செல்லும் வழியே ஒரு யோசனை. எருதின் வலியும் வழியின் மேடுபள்ளமும் வேறுபட யோசனையும் வேறுபடும். தமிழ்நாட்டில் வழங்கிய ‘நாழிகைவழி’ என்ற அளவும் இத்தன்மையதே. ஒரு நாழிகைப் பொழுதில் ஒருவன் நடக்கும் தூரம் அது. மண்ணில் அளவுகோல் வைத்துப் பெற்ற எண்ணன்று. உழைப்பையும் பொழுதையும் தூரமாக உரைக்கும் வழக்கு. கடலில் இவ்வழக்கு இன்னும் பொருந்தும். அங்கே மைற்கல் நடுவார் எவர்?

ஆகவே பண்டையோர் கடலைக் காலத்தால் அளந்த சான்றுகளைத் தேடுதலே தக்கது. நல்வினையாக அத்தகைய சான்றுகள் மூன்று இக்கடலைப் பற்றியே கிடைக்கின்றன.

முதலாவது மகாவம்சம். தேவநம்பிய தீசன் அசோகனிடம் அனுப்பிய தூதர், வடகரையிலுள்ள சம்புகோளத் துறையிற் கலமேறி ஏழு நாளில் வங்கத்துத் தாம்ரலிப்தியை அடைந்தனர். அங்கிருந்து மேலும் ஏழு நாளிற் பாடலிபுத்திரம் சேர்ந்தனர். இரண்டாவது, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தாம்ரலிப்தியிலிருந்து வணிகக் கலமேறி, மாரிக்காலக் காற்றின் துணையோடு இரவும் பகலுமாகப் பதினான்கு நாளில் ஈழம் வந்த பாகியன் என்னும் சீனத் துறவியின் குறிப்பு. மூன்றாவது உரோமப் பேரறிஞர் பிளினி எழுதியது. கங்கை நாட்டிலிருந்து இத்தீவுக்கு முன்னர் இருபது நாட் பயணம் எனக் கொள்ளப்பட்டதென்றும், அது நாணற் கலங்களின் கணக்கென்றும், தம்மவர் கப்பலின் வேகத்துக்கு ஏழு நாளே என்றும் அவர் கூறுகிறார். கடல் அங்குலமும் சுருங்கவில்லை. கலம் மாறியது, இருபது ஏழாயிற்று. இடைக்கடல் ஆழமற்றதென்பதும், கப்பலோட்டிகள் பறவைகளை உடன்கொண்டுபோய் அவற்றைப் பறக்கவிட்டு, அவை நிலம் நாடிச் செல்லும் திசையைப் பின்பற்றினர் என்பதும், ஆண்டில் சில மாதமே கலஞ்செலுத்தினர் என்பதும் பிளினி தரும் பிற செய்திகள். பாக்கு நீரிணையின் திடரையும் பருவக்காற்றையும் அறிந்த தீவகத்தார் இவற்றைப் படித்து வியப்படையார்.

தாம்ரலிப்திக்கும் ஈழத்தின் வடகரைக்கும் நேர்தூரம் ஏறக்குறைய 1,000 மைல். மகாவம்சத்துத் தூதரின் ஏழு நாட்கணக்கின்படி நாளொன்றுக்கு 140 மைலுக்குச் சற்று மேல். பாகியன் கணக்கின்படி அதிற் பாதி. ஏழு என்னும் எண் நூல்களில் மரபாக வருவதொன்றாதலின் அதை அப்படியே நம்புதல் வேண்டா. பாகியனின் கப்பல் இறங்கிய துறை தெற்கே இன்னும் சேய்மையில் இருந்திருக்கவும் கூடும். ஆயினும் இவ்விரண்டையும் இரு எல்லைகளாகக் கொண்டு புகார்–நயினாதீவு வழியை அளந்து பார்க்கலாம். விரைந்த கலம் 105 மைலைப் பதினெட்டு மணி அளவில், அதாவது நாற்பத்தைந்து நாழிகையிற் கடக்கும். மெல்லச் செல்லும் கலம் முப்பத்தைந்து மணி எடுக்கும். மாலையிற் புகாரில் நங்கூரம் எடுத்த கலம், வாடைக்காற்று பின்னின்று தள்ளுமாயின், இரவெல்லாம் சோழநாட்டுக் கரைவிளக்குகளை வலப்புறம் கண்டு ஓடி, விடியலிற் கோடிக்கரையைக் கழித்து, நண்பகலிலோ மறுநாட் காலையிலோ தீவகத்தை அடைந்திருக்கும். தெய்வம் ஓரிரவிற் சென்ற வழியை மனிதரும் ஒரு பகலும் ஓர் இரவுமாகச் செல்லக்கூடியதாயிருந்தது என்பதே இதன் பொருள். சாத்தனார் கேட்டறிந்த கடலோடிகளின் பேச்சில் மணிபல்லவம் ‘ஓரிரவு வழி’ என்று வழங்கியிருத்தல் கூடும். அதனையே காப்பியம் வானுக்கு ஏற்றிவைத்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். முப்பது யோசனையை மைலாகப் பெருக்குவதினும் இவ்வோரிரவை நம்புதல் நன்று.

காற்று எதிர்த்தால் என்னாகும்? சோளகம் வீசும் மாதங்களில் தெற்கு நோக்கிப் பாய்விரித்தல் அரிது. கொண்டல் எழுந்து கலம் திடரில் ஏறினால் காலக்கணக்கே ஒழிந்தது. அந்நிலையில் எழும் கேள்வி எப்போது சேரும் என்பதன்று. மிஞ்சிய சரக்கு எவர்க்கு உரியது என்பதே. இக்கேள்விக்கு விடை கூறும் கல் நயினாதீவிலேயே நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கிறது.

பொலனறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனைப் படித்து 1963 இல் வெளியிட்டார். பரதேசத்தார் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், பல பட்டினத்தாரும் அத்துறையில் வந்து கூடவேண்டும் என்று மன்னன் ஆணையிடுகிறான். ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. பின்னர் உடைந்த கலங்களுக்கு விதி வகுக்கிறான். யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. பிற வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. சந்திர சூரியர் உள்ளவரை இவ்விதி நிற்பதாகக் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது.

சிங்கள நாட்டு மன்னன் தமிழில் விதி எழுதுவித்தான் என்பதிலிருந்தே இத்துறைக்கு வந்து போன வணிகர் எம்மொழியினர் என்பது தெளிவாகும். யானைக்குப் பெயர்பெற்ற ஈழத்துக்கு வெளியிலிருந்து யானை வந்ததென்பது வியப்பே. போருக்குப் பழக்கிய யானைகள் வேண்டப்பட்டிருக்கலாம். அக்காலம் போர்க்காலம். பாண்டிய நாட்டு உரிமைப்போரில் பராக்கிரமபாகு தலையிட்டபோது, சோழர்மீது செல்வதற்காக ஊராத்துறை முதலிய இடங்களிற் படகுகள் கட்டப்பட்டன என்றும், சோழர் தரப்பினர் ஈழத்துட் புகுந்து அவ்விடங்களை அழித்தனர் என்றும் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு கூறுகிறது. வருக என்று வணிகரை அழைத்த துறையிலிருந்தே போர்க்கலமும் புறப்பட ஆயத்தமாயிற்று. ஓரிரவு வழி என்பது நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒன்றே.

இக்கல்வெட்டோடு தீவின் தலவரலாற்றையும் சேர்த்து எண்ணுதல் சுவையுடைத்து. புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தது. அவ்வழியே கலத்தில் வந்த சோழநாட்டு வணிகன் மாநாய்கன் நாகத்துக்காகப் பரிந்து பேசினான். அவன் தன் செல்வத்தை அம்மன் கோயிலுக்கு ஈவதானால் விடுவதாகக் கருடன் கூற, வணிகன் இசைந்தான் என்பது கதை. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்னும் இரு பாறைகளைத் தீவார் இன்றும் கடலிற் காட்டுவர். கதையானாலும் கல்வெட்டானாலும் இக்கரையில் வணிகன் சரக்கை இழக்கிறான். பராக்கிரமபாகு பாதியோடு அமைந்தான். கருடன் முழுவதும் கேட்டது.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரை இட்டனர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவின் டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் பிறமொழியாளர் வாயில் இன்றுவரை நிலைத்தது. ஒல்லாந்து நாட்டு அம்ஸ்ரடாமுக்கும் ஹார்லெமுக்கும் நேர்தூரம் 11 மைல் அளவு. காரைதீவுக்கும் நயினாதீவுக்கும் உள்ள தூரமும் அதுவே. இதனை அறிந்தே பெயரிட்டனர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஒல்லாந்திலிருந்து பத்தாவியா சேர எட்டு மாதம் அளவு கடலிற் கிடந்த அக்காலத்து மாலுமிக்கு, ஊர்ப்பெயரைத் தீவுக்கு இட்டு அழைப்பதே ஊர் மீளும் ஒரு வழியாயிருந்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து கொழும்புக்கு இன்று பத்து, பதினொரு மணி நேரம் பறந்தால் போதும்.

நீராவிக் கப்பலும் இருப்புப் பாதையும் வந்தபோது இக்கடலின் வழிகள் இடம்பெயர்ந்தன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 22 மைல் கடலைக் கப்பலாற் கடந்து இரு கரைகளின் புகைவண்டியோடும் இணைக்கும் சேவை 1914 இல் தொடங்கிற்று. சென்னை செல்லும் யாழ்ப்பாணத்தார் முதலில் தெற்கே மதவாச்சி வரை இறங்கி, வடமேற்கே திரும்பித் தலைமன்னார் சேர்ந்து, கடல் கடந்து மீண்டும் வடக்கே ஏறவேண்டும். வளைந்த வழியே, ஆயினும் காற்றுக்குக் காத்திராத வழி. நேரம் அட்டவணையில் அச்சிடப்பட்டது. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு எழுந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தபோது அட்டவணையும் அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பற்சேவையும் 1980களின் முற்பகுதியில் நின்றது.

இதற்கிடையே சட்டமும் கடலில் இறங்கிற்று. 1948 இன் குடிவரவு குடியகல்வுச் சட்டத்துக்குப் பின், கோடிக்கரைக்குத் தோணியிற் போய்வருதல் கடவுச்சீட்டில்லாக் குற்றமாயிற்று. 1974 இலும் 1976 இலும் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கைகள் கடல்நடுவே எல்லைக்கோடு வரைந்தன. பராக்கிரமபாகுவின் விதி உடைந்த கலத்தின் சரக்கையே பங்கிட்டது. இவ்விதிகள் கடலையே பங்கிட்டன.

வான்வழி மீண்டும் திறந்தது 1947 டிசம்பர் 10 ஆம் நாள். ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் அன்று இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறை விமானத்துறையாகிய பலாலியில் இறங்கிச் சென்னை சேர்ந்தது. மணிமேகலை சென்ற வானத்தில் டக்கோட்டா விமானம் சென்றது. பலாலிக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 220 மைல். அந்நாளில் காலையில் யாழ்ப்பாணத்தில் உணவுண்டு நண்பகலிற் சென்னையில் இருத்தல் செல்வர்க்கேனும் கைகூடிற்று. ஏர் சிலோன் 1979 இல் மறைந்தது. 1983 இல் போர் மூண்டபின் பலாலி படைத்துறைக்குரியதாயிற்று.

அதன்பின் நிகழ்ந்த கணக்கே கணக்கு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வர விழைந்தவர் கட்டுநாயக்காவுக்குப் பறத்தல் வேண்டும். அது 400 மைல். விமானம் யாழ்ப்பாணத்தின் நேரைத் தாண்டித் தெற்கே சென்றது. பயணி தன் ஊரைக் கடந்துபோய், இறங்கி, 250 மைல் தரைவழியே மீண்டும் வடக்கு நோக்கி வரவேண்டும். 220 மைல் இவ்வாறு 650 மைலாயிற்று. தரைவழி திறந்திருந்த காலத்துக் கணக்கு இது. 2006 ஆகஸ்டில் கண்டிவீதி மூடப்பட்டபின், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலேயே விமானத்துக்கும் கப்பலுக்கும் அனுமதி பெற்றுக் காத்திருத்தல் வேண்டியதாயிற்று. காத்திருந்த நாட்களை எந்த மைலிற் சேர்ப்பது?

தீவகத்தின் சிறுகடலும் அக்காலத்தில் நெடுங்கடலாயிற்று. 1985 மே 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகில், வழியிலேயே பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அவருள் இருந்தனர். நாள்தோறும் மக்கள் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கந்தோருக்கும் போய்வந்த வழி அது.

2019 அக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னைச் சேவை தொடங்கி, 2020 மார்ச்சில் தொற்றுநோயால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. சிறுவிமானத்துக்கு அவ்வழி ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். 2025 இல் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேவை வந்தது. அது 115 மைலே. புகாருக்கும் நயினாதீவுக்கும் உள்ள தூரத்தினும் பத்து மைல் மிகுதி.

இவ்விமானத்தில் நயினை அம்மனைத் தொழ வரும் சென்னைப் பயணி ஒருவரின் நேரத்தைப் பகுத்துப் பார்க்கலாம். வானில் 220 மைல், ஒன்றரை மணி. பலாலியிலிருந்து நயினாதீவுக்கு நேர்தூரம் 24 மைல்தான். ஆயினும் அவர் முதலில் யாழ்ப்பாண நகருக்கு வரவேண்டும். பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை வழியாகச் சென்று, மற்றொரு தாம்போதியாற் புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவான் துறையில் நிற்றல் வேண்டும். நகரிலிருந்து துறைவரை பேருந்துக்கு ஒன்றரை மணி வரை ஆகும். பின்னர் லாஞ்சு நிறையும்வரை காத்திருப்பு. கடலில் கால்மணி, இருபது நிமிடம். சோளகம் பலத்தால் அதற்கும் உறுதியில்லை. கடைசி 24 மைல் முதல் 220 மைலினும் மிகுந்த நேரத்தைக் கொள்கிறது. தாம்போதிகள் அமைவதற்கு முன்னர் இவ்வழி முழுவதும் பாய்விரித்த வள்ளத்திலாயிருந்தது. நோயாளரை நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வோர்க்குக் காற்றே வைத்தியனாகவும் கூற்றுவனாகவும் நின்றது.

சோழநாட்டுக் கரையிலிருந்து கடல்வழியே வருதலும் இப்போது மீண்டும் இயல்வதாயிற்று. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 இல் ஓடத் தொடங்கியது. இரு கரைகளுக்குமிடையே பயணிகள் கப்பல் இல்லாதுபோய் நாற்பதாண்டு அளவாகியிருந்தது. சில நாளில் அது நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் வேறொரு கப்பல் ஓடலாயிற்று. 60 கடல்மைல் அளவான அவ்வழிக்கு நான்கு மணி நேரம். புகாரிலிருந்து புறப்பட்ட கலம் தன் வழியிற் கடந்துபோன நாகப்பட்டினமே இன்று துறைமுகம். அக்கப்பல் 2024 நவம்பரில் பருவமழைக்கால வானிலை காரணமாக நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிற்று. பாகியன் ஈழம் வருவதற்குத் தாம்ரலிப்தியிற் கப்பலேறியது அதே வாடைக்காற்று வீசத் தொடங்கிய பருவத்திலேதான்.